ரிப்போர்ட்டில் இருப்பது கம்ப்யூட்டர் கோளாறு மட்டும்தானா?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுவோம். பேர், வயசு, விலாசத்தோடு தெருமுனைச் சுவரில் ஒட்டி வைப்போமா? லேப்டாப் மக்கர் பண்ணினால் நம் வீட்டுப் பிள்ளைகள் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறார்கள், சகோதரிகளே! இன்டர்நெட்டில் உதவி கேட்கிறார்கள். முகம் தெரியாத யாரோ, 'ரிப்போர்ட் எடுத்துப் போடு, பார்த்துச் சொல்றேன்' என்கிறார். உதவுகிறவர்களில் நல்லவர்கள் நிறையவே உண்டு. ஆனால் போட்டதை அவர் மட்டுமா படிக்கிறார்?

என் நாத்தனார் மகள் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தபோது லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி கட்டாகிறது என்று இப்படி ஒரு ரிப்போர்ட் எடுத்து வைத்திருந்தாள். "போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுக் காட்டு கண்ணு" என்றேன். "எல்லாம் மெஷின் சமாச்சாரம் அத்தை, உங்களுக்குப் புரியாது" என்றாள். நான் விடவில்லை.

ஆரம்பத்திலேயே கம்ப்யூட்டரின் பெயர். வாங்கின அன்று அவள் அப்பா ஆசையாக வைத்தது. மகளின் முழுப்பெயரும் பிறந்த வருஷமும்! கீழே போனால், அந்த லேப்டாப் இதுவரை சேர்ந்து ஞாபகத்தில் வைத்திருக்கும் வைஃபைகளின் பட்டியல். ஹாஸ்டல் பெயர், டைப்பிங் சென்டர், சிநேகிதி வீடு, கடைசியில் எங்கள் வீடு, ஃபிளாட் நம்பரோடு (இணைப்பு கொடுக்க வந்தவர் வைத்துவிட்டுப் போன பெயர் அது). வயசுப் பெண் எங்கே தங்குகிறாள், எங்கெங்கே போய் வருகிறாள் என்பது வரிசையாக! எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவளுக்கும் பேச்சு வரவில்லை. ஊர் உலகத்து வைஃபை பெயர்களை வரைபடத்தில் குறித்து வைக்கும் 'வைகிள்' என்ற தளம் 2001-லிருந்தே இருக்கிறது, பெயரைக் கொடுத்தே தேடலாம் என்று கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தம்பி சொன்னான்.

விண்டோஸில் ரிப்போர்ட் பல விதம். 'டிஎக்ஸ்டயாக்' என்பதில் கம்ப்யூட்டர் பெயரும் மாடலும் வரும். மற்றது பெரும்பாலும் பாகங்களின் விவரம். 'எம்எஸ்இன்ஃபோ' பெரிசு. யூசர் பெயர், நெட்வொர்க் கார்டின் எண், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் எல்லாம் வந்துவிடும். வீட்டுக்காரரின் ஆபீஸ் வேலையும் அதே லேப்டாப்பில் என்றால் அந்த புரோகிராமும் தெரியும். இவற்றை நோட்பேடில் திறந்து, கண்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினால் நம் பெயர் வருகிற இடத்தையெல்லாம் ஒரே தடவையில் மாற்றிவிடலாம். எங்கள் பெண் அதுகூடச் செய்யவில்லை. வைஃபை கார்டின் பெயர், டிரைவர் தேதி, கட்டானதற்குப் போட்டிருந்த காரணம், இவ்வளவையும் நாலு வரியில் எழுதிக் கேட்டாள். டிரைவர் பழசு என்று பதில் வந்தது. நாலு வரியே போதுமாயிருந்தது பாருங்கள்!

ஆனால் நீலத்திரை வந்து கம்ப்யூட்டர் நின்றுபோகும்போது உண்டாகும் 'டம்ப்' ஃபைல் அப்படியல்ல. அந்த நேரம் மெமரியில் இருந்ததை அது நகல் எடுத்து வைக்கிறது. சில சமயம் பாஸ்வேர்டுகூட உள்ளே கிடக்கலாம். நோட்பேடில் திறந்து படித்து அழிக்கிற விஷயமில்லை. அதைப் பொதுவில் போடவே வேண்டாம்.

பெரிய கம்பெனிகளே இதில் சிக்கியிருக்கின்றன. 2023-ல் அமெரிக்காவின் ஆக்டா நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு அனுப்பியிருந்த ஃபைல்கள் திருடுபோயின. அவற்றில் சில பிரவுசர் ரிப்போர்ட்டுகள். உள்ளே இருந்த லாகின் டோக்கன்களை வைத்துக்கொண்டு 5 வாடிக்கையாளர்களின் கணக்கில் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைந்துவிட்டார்கள்.

உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே போட்டிருந்தால் உடனே நீக்கச் சொல்லுங்கள். யாராவது நகல் எடுத்திருந்தால் அது போகாது. அதனால் கம்ப்யூட்டர் பெயரையும் வீட்டு வைஃபை பெயரையும் மாற்றிவிடுவது நல்லது. சில நிமிஷ வேலைதான். எங்கள் வீட்டு வைஃபைக்கு இப்போது 'கறிவேப்பிலை' என்று பெயர்.

- ஒரு வாசகி, ஈரோடு.