குறிஞ்சியும் கார்வியும்

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று பள்ளியில் படித்தோம். அந்நிலத்துக்குப் பெயர் தந்த பூவைக் கண்டவர் நம்முள் எத்தனை பேர்? கொடைக்கானல் மலையிலும் மூணாறிலும் 2018-ஆம் ஆண்டு நீலக்குறிஞ்சி மலர்ந்தபோது, கல்யாணில் குமாஸ்தா வேலை பார்க்கும் எனக்கு விடுப்பு வாய்க்கவில்லை. “அடுத்த தடவை பூக்கும்போது நான் இருப்பேனோ, என்னவோ!” என்று என் அன்னையார் சொன்ன சொல் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆனால், குறிஞ்சி தனித்த செடியன்று, பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. தாவர நூலார் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்றழைக்கும் இப்பேரினத்தில் 300-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. சில ஆண்டுதோறும் பூப்பவை. சில பல்லாண்டு காத்திருந்து, ஒருசேரப் பூத்து, விதை ஈந்து மடிபவை. உயர்மலைப் புல்வெளியில் தாழ்ந்த புதராய் வளரும் நீலக்குறிஞ்சிக்கு 12 ஆண்டு. சாத்தாராவை அடுத்த காஸ் மேட்டுப் புல்வெளியில், கவிழ்த்த கூடைபோல் காணும் ‘டோப்லி கார்வி’க்கு 7 ஆண்டு. நமக்கு அண்மையிலுள்ள சஹ்யாத்திரிச் சரிவுகளில் ஆளுயரத்துக்கு வளரும் கார்விக்கு 8 ஆண்டு. இதன் தண்டுகளை வரிச்சாகக் கட்டி, மண்ணும் சாணமும் பூசி, வார்லி மக்கள் குடிசைச் சுவர் எழுப்புவர். அவர்தம் புகழ்பெற்ற ஓவியங்கள் அத்தகைய சுவர்களில் தீட்டப்பட்டவையே.

2024-ஆம் ஆண்டு மழைக்கால இறுதியில் போரிவலிக் காட்டில் கார்வி மலர்ந்தது. ஒரு ஞாயிறன்று அன்னையாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு, தாதரில் வண்டி மாறிச் சென்றேன். ஊதாப் பூக்களை நெடுநேரம் நோக்கிய அன்னையார், “நம்ம குறிஞ்சிக்கு இது தங்கச்சி போல இருக்குதப்பா!” என்றார். என் கண் கலங்கிவிட்டது.

மகள் ஒரு கொத்தைப் பறிக்கக் கை நீட்டினாள். “வேண்டாமம்மா! ஆயுளில் ஒரே முறை பூக்கும் செடி இது. பூவைப் பறித்தால் விதை ஏது? விதை இல்லையேல் 2032-இல் பூ ஏது?” என்றேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

தேயிலைத் தோட்டங்களும், அயல்நாட்டு மரங்களும், கட்டடங்களும் குறிஞ்சிப் புல்வெளிகளைச் சுருக்கிவிட்டன. காண வருவோர் பறித்துச் செல்வதும் அதற்குக் கேடே.

அன்பர்களே! கொடைக்கானலிலும் மூணாறிலும் 2030-இல் மீண்டும் குறிஞ்சி மலரும். இப்போதே எண்ணி வைப்போம், குழந்தைகளுடன் செல்வோம். கண் நிறையக் கண்டு, வெறுங்கையோடு திரும்புவோம்.