பாட்டி கேட்ட 'திரும்பவும்'!

சர்வே கேம்ப் போயிருக்கீங்களா? ட்ரைபாடை விரிச்சு, வெயில்ல கறுத்து, கடைசியில ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்ணுவோமே... அதேதான்! போன வருஷம் எங்க கேம்ப் திருவண்ணாமலை பக்கம். டோட்டல் ஸ்டேஷனை ஏத்தி வெச்சதுமே ஒரு பாட்டி மூச்சிரைக்க ஓடி வந்தாங்க. ''என்ன தம்பி, திரும்பவும் கல்லு நட வந்துட்டீங்களா?''

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது!

அந்தத் 'திரும்பவும்' 2018-ம் வருஷத்துக் கதை. சென்னை - சேலம் எட்டு வழிச் சாலை. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டங்கள். ரெண்டேகால் மணி நேரத்துல சேலம் போயிடலாம்னு சொன்னாங்க. லீவுக்கு ஊருக்கு ஓடுற நமக்கு ஜாலிதான். ஆனா, வயலுக்கு நடுவுல எல்லைக் கல் வந்து நின்னா? போலீஸ் காவலோட நட்ட கல்லைப் பல ஊர்ல ஜனங்க பிடுங்கி எறிஞ்சாங்க. எதிர்த்துப் பேசின கல்லூரி மாணவி ஒருத்தர்கூட கைதானார்.

'ரோடே வேணாம்னா எப்படி?'னு நினைச்சவன்தான் நானும். ஹைவே டிசைன் படிக்கிறவனாச்சே! ஆனா, பேப்பர்ல ஒரு கோடு போட்டுப் பாருங்க. கிணறு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம். எக்ஸ்பிரஸ் வேயில இஷ்டத்துக்குக் குறுக்கே போக முடியாது. சுரங்கப் பாதை எங்கே இருக்கோ, அதுவரைக்கும் மாட்டையும் ஓட்டிக்கிட்டு சுத்தணும். ஏக்கருக்கு இவ்வளவுன்னு போடற கணக்குல இந்தச் சுத்து வருமா? எங்க சிலபஸ்ல வரலை!

அறிவிப்பு வந்ததும் ஆட்சேபம் சொல்ல, 1956-ம் வருஷத்து தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் தர்ற அவகாசம் 21 நாள். நம்ம அரியர் ரிசல்ட்டே அதுக்குள்ள வராதே பாஸ்!

விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றமோ, அறிவிப்பு செல்லும், வேலை தொடங்கும் முன்னாடி சுற்றுச்சூழல் அனுமதி வாங்கினா போதும்னு சொல்லிடுச்சு. ஆனா, நிலத்தை முறைப்படி எடுக்கும் முன்னாடியே வருவாய்த் துறை பதிவேட்டுல பேர் மாத்தினது தப்புங்கறதுல ரெண்டு கோர்ட்டும் ஒரே கட்சி!

இதெல்லாம் நான் கேம்ப் முடிஞ்சு வந்து படிச்சது. அன்னிக்கு, ''காலேஜ் பசங்க பாட்டி, சும்மா ப்ராக்டிஸ்''னு மட்டும்தான் சொல்லத் தெரிஞ்சுது. பாட்டி நம்பலை. வரப்புலயே உட்கார்ந்துட்டாங்க. சாயங்காலம் நாங்க ட்ரைபாடை மடக்கி வேன்ல ஏத்தின பிறகுதான் எழுந்து போனாங்க.