கடாரத்து வழித்தடங்கள் – 9: கெப்பாலா பத்தாஸ் ஓடுதளம்

சென்ற வாரம் ரயிலில் பாடாங் பெசார் எல்லை வரை போனோம். இந்த வாரம் அலோர்ஸ்டாருக்கு வடக்கே, நெல்வயல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் கெப்பாலா பத்தாஸ் ஓடுதளத்துக்குப் போவோம். பினாங்கு மாநிலத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. நாம் பேசுவது கெடாவில் உள்ள ஊரைப் பற்றி.

இன்று அமைதியாகத் தெரியும் இந்த இடம் 1930களில் உலக வான்வழியில் ஒரு தரிப்பிடம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) போன கேஎல்எம் விமானங்கள் அலோர்ஸ்டாரில் இறங்கின. 1933 இறுதியில் சிங்கப்பூர் வரை நீண்ட இம்பீரியல் ஏர்வேஸ் சேவையும் இங்கே நின்று போனது. கடிதங்களும் அதிகாரிகளும் வானத்தில் வந்த அந்தக் காலத்தில், தோட்டத்து மக்கள் பினாங்குத் துறையில் கப்பலிலிருந்து இறங்கி, லாரியிலும் ரயிலிலும் லயத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் அலோர்ஸ்டார், சுங்கைப்பட்டாணி ஓடுதளங்களைக் குண்டுவீசித் தாக்கினர். மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து தன்னந்தனி விமானத்தில் தாய்லாந்தின் சிங்கோரா வரை சென்று குண்டுபோட்ட பிரிட்டிஷ் விமானி ஆர்தர் ஸ்கார்ஃப், படுகாயத்தோடு திரும்பி அலோர்ஸ்டார் வயல்வெளியில் விமானத்தை இறக்கினார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் அலோர்ஸ்டார் மருத்துவமனையில் உயிர்விட்டார். அங்கே தாதியாக இருந்தவர் அவருடைய மனைவி. 1946-இல் ஸ்கார்ஃபுக்கு விக்டோரியா சிலுவைப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. அதே போர், கெடா வழியாகச் செல்லும் ரயிலில் நம் ஆட்களையும் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு அள்ளிக்கொண்டு போனது. அவர்களில் திரும்பாத ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பதக்கம் இல்லை. பெயர்ப்பட்டியல்கூட முழுதாக இல்லை.

இன்று கெடாவில் இரண்டு பயணிகள் விமான நிலையங்கள். கெப்பாலா பத்தாஸில் உள்ளது, இருமுறை மாமன்னராக இருந்த சுல்தான் அப்துல் ஹலிமின் பெயரைத் தாங்குகிறது. அங்கிருந்து முக்கியமாகக் கோலாலம்பூர்ப் பக்கம் போகலாம். மற்றது லங்காவியின் பாடாங் மாட்சிராட்டில், சுற்றுலாவை நம்பி வளர்ந்தது. ஆனால் தமிழர்கள் செறிந்து வாழ்வது தெற்கே: பீடோங், சுங்கைப்பட்டாணி, கோலக்கெட்டில், பாடாங் செராய், கூலிம். இவர்களுக்கு விமானம் என்றால் பாலம் தாண்டிய பினாங்கு பாயான் லெப்பாஸ்தான். சென்னையிலிருந்து வந்த ராஜுலா கப்பலின் காலத்திலும் பினாங்குதான் வாசல், இன்றும் பினாங்குதான் வாசல்.

2024 டிசம்பரில் இண்டிகோ சென்னை–பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒருநாள் பாயான் லெப்பாஸ் வரிசையில் எனக்கு முன்னால் பாடாங் செராய்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர் நின்றார். கயிறு கட்டிய பெட்டி, அதன் மேல் ஒரு மைலோ டின், கைப்பையில் ஊர் சனத்துக்குக் கோடாலித் தைலம்.

“முன்னெல்லாம் கேஎல் போய்த்தான் ஏறணும் தம்பி. ராத்திரி முழுக்க பஸ்ஸு, முட்டி வீங்கிப்போகும். இப்ப வேனுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வந்துட்டோம்” என்றார்.

விமான நிலையத்தின் அருமையை அந்த முட்டியிடம்தான் கேட்க வேண்டும். ஓடுதளத்தின் நீளத்தை விட, பாட்டியின் வாசலிலிருந்து விமானப் படிவரை உள்ள தூரமே எனக்குப் பெரிய கணக்கு.

சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் இடையே சிடாம் வட்டாரத்தில் ஒரு பன்னாட்டு விமான நிலையம் வேண்டும் என்று கெடா அரசு பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. கூலிம் தொழில்நுட்பப் பூங்காவின் சரக்குக்கு அது உதவும் என்கிறார்கள். நமக்கும் உதவும். ஆனால் இதுபோன்ற திட்டங்களுக்காகத் தோட்டம் கைமாறும்போதெல்லாம் லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் என்ன பாடுபட்டன என்பதை இந்தத் தொடரில் பார்த்தே வந்திருக்கிறோம். திட்டம் எழும் நிலத்தில் வாழ்பவர்களுக்கு மாற்று வீடு முதலில் எழ வேண்டும்; ஓடுதளம் பிறகு.

இந்த விமான நிலையத் திட்டத்தைப் பற்றிப் பாட்டியிடம் சொன்னேன். மைலோ டின்னை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: “பக்கத்துல வந்தா நல்லதுதான். நான் திரும்பி வரப்ப என் வீடு அங்கேயே இருக்குமா?”

(தொடரும்)