கத்தியின் நிறமும் பதமும்

கொல்லன் பட்டறையில் கத்தி உருவாவதைக் கண்டிருப்பீர்கள். காய்ந்த எஃகை அடித்து வடிவாக்குதல் பாதி வேலைதான். அதற்குத் துவைச்சலிடுதல் மறுபாதி. கத்தி கூர் நிற்குமா, மழுங்குமா, முறியுமா என்பது இம்மறுபாதியைப் பொறுத்ததாகும்.

கத்திக்கேற்ற கரி எஃகில் நூற்றுக்கு முக்கால் பங்களவு கரி கலந்திருக்கும். அதனைச் செக்கச் செவேலெனக் காய்ச்சினால், காந்தம் ஒட்டாத நிலை ஒன்று வரும். அதற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் சூட்டில், உரிய எண்ணெயில் தோய்த்தால் எஃகின் உள்ளமைப்பு மாறிவிடுகிறது. அரம் அதன்மேல் பற்றாமல் வழுக்கும். ஆனால் அதே எஃகு கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையவும் கூடும். ஆகவே மீண்டும் மிதமாகச் சூடேற்றி, கடினத்தில் சிறிது குறைத்து, முறியாத உறுதியைப் பெறுகிறோம்.

அந்த மிதமான சூட்டை அறிவது எங்ஙனம்? தோய்த்த கத்தியைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பின் மெல்லச் சூடேற்ற வேண்டும். சுமார் 220 பாகையில் வெளிறிய வைக்கோல் மஞ்சள் தோன்றும். 255 அளவில் பழுப்பும், 280 அளவில் ஊதாவும், 300 அளவில் நீலமும் அடுத்தடுத்து வரும். சவரக்கத்திக்கு மஞ்சளும், அடிதாங்கும் வெட்டுக்கத்திக்குப் பழுப்பு அல்லது ஊதாவும், சுருள்வில்லுக்கு நீலமும் பொருந்தும்.

இந்நிறங்கள் சாயமல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்புடன் கூடி மிக மெல்லிய படலமாகப் படிகிறது. படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் நிறம் பிறக்கிறது. சோப்புக் குமிழியின் வண்ணமும் இத்தகையதே. சூடு ஏறப் படலம் தடிக்கிறது, நிறமும் மாறுகிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். தோய்க்கப்படாத மென்மையான எஃகும் அதே சூட்டில் அதே நீலத்தைக் காட்டும்! குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தாலும் நிறம் முதிர்ந்துவிடும். குரோமியம் மிகுந்த துருவேறா எஃகிலோ, இந்நிறங்கள் இன்னும் உயர்ந்த சூட்டிலேயே தோன்றும். நிறம் சொல்வது மேற்பரப்பு கண்ட சூட்டை மட்டுமே; கடினத்தை அன்று.

ஆதலின் தோய்த்தவுடன் முதலில் அரத்தால் சோதியுங்கள். அரம் பற்றினால் மறுபடியும் காய்ச்சித் தோய்க்க வேண்டியதுதான். வழுக்கினால் மட்டுமே நிறம் பார்க்கும் வேலையைத் தொடங்குங்கள். நிறத்தை மட்டும் நம்பிச் செய்த கத்தி வேலையின் நடுவே முறிந்து தெறித்தால், அது பிடித்தவர் கையையோ கண்ணையோ பதம் பார்த்துவிடும். கண்ணால் கண்டதையும் சோதித்தறிவதே அறிவியல் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்.