பன்னிரண்டு ஒலிகளில் நடக்கும் படம்

இலையுதிர்காலத்து அந்திப்பொழுது. பாரிஸ் நகரில் ஒரு கன்னிமாடத்தின் தோட்டம். போரில் மாண்ட கணவனின் கடைசிக் கடிதத்தைப் பதினான்கு ஆண்டுகளாக மார்போடு வைத்திருக்கும் ரொக்ஸான், அதைப் பால்ய நண்பனிடம் படிக்கக் கொடுக்கிறாள். அவன் வாய்விட்டுப் படிக்கிறான். இருட்டிக்கொண்டே வருகிறது. எழுத்தே தெரியாதபடி இருட்டிய பிறகும் அவன் குரல் நிற்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது: கடிதத்தை எழுதியவனே இவன்தான்.

ழான்-போல் ரப்பெனோ இயக்கி 1990இல் வெளிவந்த ‘சிரானோ தெ பெர்ஜெராக்’ என்ற பிரெஞ்சுப் படத்தின் இறுதிக்கட்டம் இது. இந்தக் காட்சியில் பேசப்படுவது செய்யுள். இந்தக் காட்சியில் மட்டுமா? ஏறத்தாழ 137 நிமிடமும் அடுமனையில், தெருவில், போர்க்களத்தில், மரணப்படுக்கையில் எல்லோரும் செய்யுளில்தான் பேசுகிறார்கள். ஆனாலும் அது ஒப்பிப்பதுபோல் ஒலிப்பதில்லை. மேடைக்கென்று எழுதிய கவிதை நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவருவது தனித் தொழில்நுட்பம். அதன் உள்வேலைகளைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூல நாடகத்தை எழுதியவர் எத்மோன் ரொஸ்தான். 1897 டிசம்பர் 28 அன்று பாரிஸின் போர்த் சேன்-மார்த்தேன் அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியபோது அவருக்கு 29 வயது. நாயகன் கற்பனையாகப் பிறந்தவன் அல்ல. சந்திரப் பயணம் பற்றி எழுதிய சிரானோ (1619–1655) என்ற எழுத்தாளர் உண்மையிலேயே வாழ்ந்தார். ரொஸ்தான் அவருடைய பெயரையும் வாள்வீச்சையும் எடுத்துக்கொண்டு, மூக்கைப் பெரிதாக்கி, ஒரு காதலைக் கொடுத்தார். தன் மூக்குக்கு அஞ்சிக் காதலைச் சொல்லாத சிரானோ, பேசத் தெரியாத அழகன் கிறிஸ்தியானுக்குத் தன் சொற்களைக் கடன் கொடுக்கிறான். ரொக்ஸான் அந்தச் சொற்களில் மயங்குகிறாள். பாலச்சந்தரின் ‘டூயட்’ (1994) பார்த்தவர்களுக்கு இந்த முக்கோணம் பழக்கமானதுதான்.

இனி அந்தச் செய்யுளுக்கு வருவோம். அதன் பெயர் அலெக்சாந்திரேன். மாவீரன் அலெக்சாந்தரைப் பாடிய 12ஆம் நூற்றாண்டுக் காவியத்திலிருந்து வந்த பெயர். நம் யாப்பில் குறிலும் நெடிலும் ஒற்றும் சேர்ந்து அசையின் தன்மையை முடிவுசெய்யும். பிரெஞ்சில் அப்படி இல்லை. உயிரொலிகளை எண்ணினால் போதும்; ஓர் அடிக்குப் பன்னிரண்டு. வழக்கமாக ஆறாவது ஒலியில் ஒரு சிறு இடைவெளி. அடியின் முடிவில் இயைபு, அதுவும் இரண்டிரண்டு அடிகளாக.

சிக்கல், பேச்சில் மறைந்துபோகும் ஓர் ஒலியில் இருக்கிறது. ‘ரோஸ்’ என்ற பூவின் பெயர் அன்றாடப் பேச்சில் ஓரொலி. செய்யுளில் அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் அது ‘ரோ-ஸெ’ என்று ஈரொலி ஆகிவிடும். இப்படி மறைந்த ஒலிகளையெல்லாம் நடிகர் அழுத்தி உச்சரித்தால் பள்ளிக்கூடத்துச் செய்யுள் ஒப்பித்தலாகிவிடும். விழுங்கிவிட்டாலோ அடி நொண்டும். சிரானோவாக நடித்த ழெரார் தெபார்தியு இரண்டுக்கும் நடுவே போகிறார். கணக்கு பிசகுவதில்லை, ஆனால் எண்ணுவது தெரிவதும் இல்லை. இடைவெளி வரவேண்டிய இடத்தில் மூச்சு வாங்குகிறார், அல்லது ஓர் அடி எடுத்து வைக்கிறார். யாப்பு உடம்புக்குள் இறங்கிவிடுகிறது. 1990 கான் விழாவில் சிறந்த நடிகர் விருதை அவருக்கு வாங்கித்தந்ததில் இந்த நாவன்மைக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஐந்து அங்க நாடகத்தைப் படத்தின் நீளத்துக்குச் சுருக்கியவர்கள் ரப்பெனோவும் ழான்-க்ளோத் காரியேரும். பீட்டர் புரூக் மேடையேற்றிய மகாபாரதத்தை எழுதிய அதே காரியேர்தான். உரைநடை வசனத்தில் நான்கு வரியை வெட்டினால் வெட்டியதோடு வேலை முடிந்தது. இங்கே ஓரடியை உருவினால் அதோடு இயைபில் இணைந்த அடி துணையற்று நிற்கும். அறுந்த இழைக்கு நெசவாளி முடிச்சுப் போடுவதுபோல, வெட்டிய இடங்களை ரொஸ்தானின் பாணியிலேயே புதிய அடிகள் எழுதி இணைக்க வேண்டியிருந்தது. முடிச்சு வெளியே தெரியக்கூடாது. எனக்குத் தெரியவில்லை.

சொல்லிக் கேட்பதாக இருந்த சிலவற்றைப் படம் கண்ணால் காட்டிவிடுகிறது. நேல் வாயிலில் நூறு பேரோடு சிரானோ ஒற்றையாளாகப் பொருதிய சண்டை, நாடகத்தில் இரண்டு அங்கங்களுக்கு நடுவே முடிந்துபோகிறது. அடுத்த அங்கத்தில் ஊரே அதைப் பற்றிப் பேசும். படத்தில் அந்த இரவுச் சண்டையையே பார்க்கிறோம்.

ரொஸ்தான் ஓரடியை நான்கைந்து பேருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதில் வல்லவர். ஒருவர் மூன்று ஒலி, அடுத்தவர் இரண்டு, இன்னொருவர் ஓர் அதட்டல் என்று கூடிப் பன்னிரண்டை நிரப்புவார்கள். முதல் அங்கத்தில் கூட்டம் நிரம்பி வழியும் நாடகக் கொட்டகை முழுக்க இந்த விளையாட்டுதான். மேடையில் நம் கண்தான் பேசுபவரைத் தேடி ஓடவேண்டும். திரையில் கேமரா ஓடுகிறது. 1966இல் தொடங்கி ரப்பெனோ எடுத்த ஐந்தாவது படம் இது. வேகம் அவருடைய இயல்பு. சிதறிக் கிடக்கும் சொற்களை அசைவாலும் வெட்டாலும் கோத்து ஓரடியாக்கிக் காட்டுகிறார்.

மூக்கைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மேடை மூக்கு கடைசி வரிசைவரை தெரிய வேண்டும், அதனால் மிகையாக இருக்கலாம். அண்மைக்காட்சியில் அதே மூக்கு சிரிப்பை வரவழைத்துவிடும். ஒப்பனைக் கலைஞர்கள் மிஷேல் பர்க்கும் ழான்-பியேர் எய்ஷெனும் தெபார்தியுவின் இயல்பான மூக்கையே சற்று நீட்டியதுபோலச் செய்தார்கள். பத்து நிமிடத்தில் அது நமக்குப் பழகிவிடும், சிரானோவுக்கு மட்டும் பழகவே பழகாது. கதை முழுக்க அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

ஆடை வடிவமைப்புக்காக ஃபிராங்கா ஸ்குவார்சாபினோ ஆஸ்கர் பெற்றார். பிரான்ஸின் சேசார் விருதுகள் பத்து கிடைத்தன. ஒளிப்பதிவாளர் பியேர் லோமை நான் தனியே வணங்குகிறேன். இருட்டில் நடக்கவேண்டிய இரண்டு காட்சிகள் படத்தின் உயிர்: மாடத்துக்குக் கீழே நின்று கிறிஸ்தியானின் பெயரில் சிரானோ பேசும் இரவும், தொடக்கத்தில் சொன்ன அந்திக் கடிதமும். முகம் தெரியக்கூடாது என்பது கதையின் தேவை, தெரிய வேண்டும் என்பது நம் தேவை. இரண்டையும் அவர் நிறைவேற்றினார்.

பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு இதில் எவ்வளவு போய்ச்சேரும்? ஆங்கில வசனவரிகளை நாவலாசிரியர் ஆந்தனி பர்ஜெஸ் செய்யுளாகவே அமைத்தார். இந்த நாடகத்தை ஏற்கெனவே மேடைக்காக மொழிபெயர்த்தவர் அவர். ஆனாலும் கடைசிச் சொல்லான ‘பனாஷ்’ எந்த மொழிக்கும் முழுதாகப் பெயராது. தொப்பியில் செருகும் இறகு என்பது அதன் நேர்ப்பொருள். சாவின் முன்னாலும் அந்த இறகைச் சாயவிடாத மிடுக்கு என்பது சிரானோ அதற்குத் தரும் பொருள்.

படம் கிடைத்தால் முதலில் வசனவரிகளோடு முழுதும் பாருங்கள். பிறகு மாடக் காட்சியை மட்டும் வசனவரி இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். முதலில் கிறிஸ்தியானுக்கு அடியெடுத்துக் கொடுக்கும் முணுமுணுப்பு. அந்தத் திக்கலில் அடிகள் துண்டு துண்டாக உடைந்து வரும். இருளின் துணையில் சிரானோ தன் குரலிலேயே பேசத் தொடங்கியதும் அடிகள் நீண்டு, ஒன்றோடொன்று கைகோத்துப் பெருகும். ஆள் மாறியது, மொழி தெரியாத காதுக்கும் அந்த நடையிலேயே பிடிபடும்.