அமீரகத்தில் காரின் சாவியை வாங்கும் முன்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் மஹல்லாவிலிருந்து பல குடும்பங்கள் துபாய், ஷார்ஜா, அபுதாபி என்று பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகின்றன. அங்கே "கார் சும்மாதானே நிக்குது மாமா, எடுத்துட்டுப் போங்க" என்று மருமகன் சாவியை நீட்டுவதும், ஒரு வாரத்துக்கு வாடகைக் கார் எடுப்பதும் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஆனால் கார் ஓட்டத் தெரிவது வேறு, அந்த நாட்டில் ஓட்ட உரிமை இருப்பது வேறு, விபத்து நடந்தால் காப்பீடு கை கொடுப்பது வேறு. மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே சாவியை வாங்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

உரிமம்

விசிட் விசாவில் செல்பவர் ஐ.டி.பி. எனப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ மூலம் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1000 ரூபாய். இது ஓராண்டு செல்லும். அதற்குள் இந்திய உரிமம் காலாவதியானால் இதுவும் செல்லாது. ஆகவே முதலில் உங்கள் உரிமத்தின் கடைசித் தேதியைப் பாருங்கள். ஐ.டி.பி.யுடன் அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். இணையத்தில் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று விற்கப்படும் அட்டைகளை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெசிடென்ஸ் விசா கிடைத்துவிட்டால் ஐ.டி.பி.யை வைத்து ஓட்ட முடியாது. அமீரக உரிமம் எடுத்த பிறகே ஓட்டலாம்.

காப்பீடு

காப்பீடு இல்லாமல் அங்கே வண்டியைப் பதிவு செய்யவே முடியாது. ஆகவே "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்பது போதாது. "நான் ஓட்டினால் அது செல்லுமா?" என்று கேளுங்கள். செல்லத்தக்க உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையைக் காப்பீட்டு நிறுவனம் பிறகு நம்மிடமே திரும்பக் கேட்கலாம். உறவினர் காராக இருந்தால், அவர் தம் நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கித் தரட்டும். சொந்தக் கார் வாங்கும் பிள்ளைகளுக்குத் தகாஃபுல் முறையில் காப்பீடு தரும் நிறுவனங்களும் அங்கே உண்டு.

வாடகைக் காரில், ஓட்டப்போகும் ஒவ்வொருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சேதம் ஏற்பட்டால் 'எக்ஸஸ்' என்று முதலில் நம் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை எவ்வளவு என்று கேளுங்கள். ஓட்டுபவரின் சொந்தக் காயத்துக்குக் காப்பு உண்டா என்றும் கேளுங்கள். துபாயின் சாலிக் சுங்கமும் அபராதங்களும் பிறகு நம் கணக்கில்தான் வரும். ஓமன் எல்லையைத் தாண்டுவதானால் தனிக் காப்பீடும் வாடகை நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் வேண்டும்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. விபத்தில் ஓர் உயிர் போனால் அமீரகத்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி தியத் தொகை 2 லட்சம் திர்ஹம். நம் மதிப்பில் நாற்பது லட்சம் ரூபாய்க்கு மேல். அது இறந்தவரின் வாரிசுகளுக்குச் சேர வேண்டிய ஹக்கு. காப்பீடு கைவிட்டால் அந்தச் சுமை ஒரு குடும்பத்தின் தலையில் விழும். வழக்கு முடியும்வரை ஊர் திரும்ப முடியாமலும் போகலாம்.

சாலையில்

அங்கே வண்டிகள் வலப்பக்கம் செல்லும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். முதல் நாள் கூட்டமில்லாத தெருவில் பழகிக்கொள்ளுங்கள். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே இருக்கும் வண்டிக்கு வழிவிட வேண்டும். காரில் உள்ள அனைவரும் சீட் பெல்ட் அணிவது கட்டாயம். தவறினால் 400 திர்ஹம் அபராதம். நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை முன்னால் உட்கார வைக்கக் கூடாது. பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுச் செல்லுங்கள்.

விபத்து நடந்தால்

வண்டியை நிறுத்துங்கள். இடத்தை விட்டுப் போகாதீர்கள். 999-க்கு அழையுங்கள். சிறு கீறலாக இருந்தாலும் போலீஸ் ரிப்போர்ட் வாங்குங்கள். அது இல்லாமல் எந்த ஒர்க்ஷாப்பும் வண்டியைத் தொடாது, காப்பீடும் கிடைக்காது. நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்தாலும் டாக்ஸியில் போவதே நல்லது. அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஐ.டி.பி. விண்ணப்பம் நிரப்ப உதவி தேவைப்படுவோர் உரிமம், பாஸ்போர்ட் நகல்களுடன் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்தால் அலைச்சல் குறையும். அல்லாஹ் அனைவரின் பயணத்தையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக.