ஷூ சோலுக்குள் ஓர் எல்லை

தம்பி, தங்கச்சி, உங்கள் ஷூவை எடுத்து சோலை வளைத்துப் பாருங்கள். வளைகிறது, விட்டதும் பழையபடி நிமிர்ந்துகொள்கிறது. ஏன் என்று கேட்கிறீர்களா? சபாஷ்! இப்படிக் கேட்கிற பிள்ளைகளோடு பேச எனக்குக் கொள்ளை ஆசை.

பல ஷூக்களின் சோல் எஸ்.பி.எஸ். என்ற பொருளால் ஆனது. அதில் இருப்பவை நீளமான சங்கிலி மூலக்கூறுகள். இவற்றைத்தான் பாலிமர் என்கிறோம். சங்கிலியின் இரு முனைகளும் பாலிஸ்டைரீன், விறைப்பானது. நடுப்பகுதி பாலிபியூட்டாடையீன் என்ற ரப்பர். இரண்டுக்கும் ஒத்துப்போகாது! முனைகள் தனியாகக் கூடி, கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகளாகிவிடும். சுற்றிலும் ரப்பர். ஒரே சங்கிலி என்பதால் விட்டுப் பிரியவும் முடியாது; அதனால்தான் வளைத்த ரப்பர் பழையபடி நிமிர்ந்துகொள்கிறது.

உருண்டை முடிந்து ரப்பர் தொடங்கும் எல்லை எப்படி இருக்கும்? சட்டென்று மாறுமா, கலந்து மெல்ல மாறுமா? அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். அம்மாடி! அதை எப்படி அளப்பது?

திண்மநிலை என்.எம்.ஆர். என்ற முறை கைகொடுக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் உசுப்பினால், பதிலுக்கு ஒரு சமிக்ஞை தரும். இதைக் கண்டறிந்த பிளாக், பர்செல் இருவருக்கும் 1952-இல் நோபல் பரிசு கிடைத்தது.

விறைப்பான பகுதியின் சமிக்ஞை சட்டென்று மங்கிவிடும். ரப்பர் ஓயாமல் நெளிவதால் அதன் சமிக்ஞை நீடிக்கும். புரிகிறதா? இங்கே நிதானமாகப் படியுங்கள், இதுதான் முக்கியம்.

இந்த வித்தியாசத்தை வைத்து, உருண்டைகளின் சமிக்ஞையை மட்டும் அழித்துவிடுவார்கள். பிறகு சில மில்லிநொடி காத்திருப்பார்கள். அதற்குள் ரப்பரில் மிஞ்சிய, சமிக்ஞை தரும் காந்தநிலை பக்கத்து ஹைட்ரஜனுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று கைமாறும். வகுப்பில் முதல் பெஞ்சில் சொன்ன ரகசியம், யாரும் எழுந்திருக்காமலே கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறதே, அப்படி! அணுக்கள் இடம் மாறுவதில்லை. இந்தக் கைமாறலுக்கு ஸ்பின் பரவல் என்று பெயர்.

காந்தநிலை வந்து சேர்ந்ததும் உருண்டைகளின் சமிக்ஞை மறுபடி தலைகாட்டும். எல்லை மெல்லியதானால் உடனே தொடங்கிவிடும். அகலமானால் முதலில் எல்லையைக் கடக்க வேண்டும், தாமதமாகும். காத்திருக்கும் நேரத்தை மாற்றி மாற்றி அளந்து வரைபடம் போட்டால், அந்தத் தாமதத்திலிருந்து தடிமன் தெரிந்துவிடும்.

முனையும் நடுவும் சேருமிடத்தில் சங்கிலி படிப்படியாக மாறும்படி வேதியியலாளர்களால் செய்ய முடியும். அப்போது எல்லை அகலமாகும். வரைபடத்தின் தொடக்கத்தில் கோடு எப்படி ஏறும் என்று நீங்களே வரைந்து பாருங்களேன்!